மஞ்சள் அதிகம்

தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே அசையாமல் நிறுத்திய இஸ்திரிப் பெட்டியின் மேல், காசளவு செம்பு வட்டு ஒன்று சூடேறிக்கொண்டிருந்தது. வட்டில் தடவிய ஈயப்பசை சாம்பல் நிறம் மாறிப் பளபளக்கும் நொடிக்காகக் கைகள் காத்திருந்தன. பளபளத்ததும் சாமணத்தின் நுனியிலிருந்த எல்.இ.டி. மெல்ல இறங்கியது. அதன் விளிம்பில் லேசாக ஒரு தட்டல். விலகிப் போய், தானாகவே நடுவுக்குத் திரும்பி நின்றது. அப்படித் திரும்பி வந்தால்தான் ஒட்டு சரி.

"ஏங்க, அந்தப் பெட்டியிலதான் ஞாயித்துக்கெழமைக்கு உங்க சட்டையத் தேய்க்கணும்" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "ஈயம் ஒட்டுச்சுன்னா புள்ளி வச்ச சட்டையோடதான் பூசைக்குப் போவீங்க."

"அடிப்பக்கத்துல எதுவும் ஒட்டாது. நீ படு."

சுவக்கீன் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எலக்ட்ரீஷியன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் மோட்டார், பம்பு செட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் வயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. அது வேலை. பிடித்தது வேறு. பிஸ்கட் டப்பா ஒன்றில் பஞ்சை வெட்டிக் குழி குழியாகச் செய்து, பதினொரு டார்ச்சு வைத்திருந்தார். கட்டைவிரல் பருமன்தான், ஒவ்வொன்றும் மலையின் அடுத்த சரிவைத் தொடும். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒன்று, இடுப்புறையில் ஒன்று. பையில் போடுமுன் பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுவார். ஒருமுறை ஜீப் நெரிசலில் ஒன்று தானாக எரிந்து, சட்டையைப் பொசுக்கி நெஞ்சில் தழும்பே போட்டுவிட்டது.

தோட்டத்தில் கேலிக்குக் குறைவில்லை. "அண்ணே, சூரியன் கொஞ்சம் மங்கலா இருக்கு, பாத்து சரி பண்ணி விடுங்க" என்பார்கள். அவர் பக்கம் நின்றது ஜோஜோ ஒருவன்தான். கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப் டிரைவர். அவனிடமும் நான்கு டார்ச்சு இருந்தது.

வெளிச்சம் அதிகம் என்பதில் சுவக்கீனுக்குப் பெரிய மதிப்பில்லை. நிறத்தை நிறமாகக் காட்ட வேண்டும். அதுதான் அவர் கணக்கு. கையிலிருந்த செம்பு உடல் டார்ச்சுக்கு ஒரு வருடம் காத்திருந்தார். அதில் வந்த நீலம் தட்டிய எல்.இ.டி.யைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதாக ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தார்.

டார்ச்சை மூட்டி முடித்ததும் வழக்கமான சோதனை. முதலில் சுண்ணாம்புச் சுவர். பிறகு இன்பமேரியின் முகம். அவருடைய கை எப்போதும் கிரீஸும் கரியுமாக இருப்பதால், தோலின் நிறம் பார்க்க மனைவியின் முகம்தான் பன்னிரண்டு வருடமாக அளவுகோல்.

அவளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிவந்து படுத்தவள், அதன்பிறகு வெளியே வரவில்லை. கெண்டைக்கால் குடைகிறது என்றாள். நாள் முழுக்க ஈரத்தில் குத்தவைத்து ஏலக்காய் எடுத்தால் கால் குடையாமல் என்ன செய்யும் என்று இருவருமே நினைத்தார்கள். வெளியே ஆடி மழையும் மூடுபனியும். வீட்டுக்குள் நீல வெளிச்சம் விடும் பல்பு ஒன்றே ஒன்று.

"போட்டோ ஸ்டுடியோக்காரன் தோத்தான் போங்க" என்று முகத்தைக் காட்டினாள்.

சுவக்கீன் உதட்டைப் பிதுக்கினார். சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதினார்: 'வெள்ளி, மாலை 5. சுவர் சரி. முகம் மஞ்சள் அதிகம். எல்.இ.டி. மோசம்.'

சனிக்கிழமை அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் பதித்தார்.

"கண்ணை மூடாத. ஒரு நிமிசம்."

"தலை சுத்துதுங்க. படுத்துக்கிறேனே."

"படுத்துக்கிட்டே முழிச்சுப் பாரு."

நோட்டில் எழுதினார்: 'சனி, மாலை 4. இரண்டாவதும் அதே. கண்ணின் வெள்ளையில்கூட மஞ்சள். வந்த சரக்கு முழுக்க மோசம்.' டார்ச்சுப் பிரியர்களின் வாட்ஸப் குழுவிலும், அந்தச் சரக்கை யாரும் வாங்க வேண்டாம் என்று எச்சரித்துப் போட்டார்.

ஞாயிறு மதியம், மூன்றாவதைப் பதித்துக்கொண்டிருக்கும்போது ஜோஜோ வந்தான். "மதினி, காய்ச்சல் எப்படி?" என்று கேட்டதற்குக் கட்டிலிலிருந்து ஒரு முனகல்.

"இதுவும் மஞ்சளாத்தான் வரப்போவுது பாரு" என்றார் சுவக்கீன்.

"எம் மூஞ்சில அடிங்கண்ணே. உங்களுக்கும் ஒரு மாத்தம் வேணாமா?"

டார்ச்சை மூட்டி அடித்தார். ஜோஜோவின் கன்னம் கருப்பும் சிவப்புமாக, உள்ளபடி இருந்தது. கண்ணின் வெள்ளை உரித்த பூண்டுபோல இருந்தது.

"அட, இது நல்ல சரக்குடா!" என்று துள்ளிக்கொண்டு இன்பமேரியின் பக்கம் திருப்பினார்.

மஞ்சள்.

ஜோஜோவின் மேல் திருப்பினார். வெள்ளை. மறுபடி அவளிடம். மஞ்சள். மூன்றாம் முறை திரும்பப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்து கிடந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அண்ணே" என்றான் ஜோஜோ மெதுவாக. "டார்ச்சுல ஒண்ணுமில்லண்ணே."

ஜீப்பில் அவளைப் பின்சீட்டில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் அவள் "எதுக்கு இப்படி நடுங்குறீங்க? குளிரு எனக்குல்லா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய இமையை இழுத்துப் பார்த்தார். காலில் இருந்த கீறல்களைப் பார்த்தார். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்றார். ஏலக்காட்டுச் சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும், காலில் கீறல் இருந்தால் அந்த வழியாக ஏறிவிடும் என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். பிறகு கேட்டார்: "கண்ணு மஞ்ஞளா ஆனது என்னைக்கு? சரியா சொல்லணும். கிட்னியோட காரியம்."

சுவக்கீன் பையைத் தொட்டார். நோட்டு இருந்தது. எடுத்து நீட்டினார்.

"எனக்குத் தமிழ் படிக்க அறியாது. நீங்க வாசிங்க."

படித்தார். வெள்ளி, மாலை ஐந்து. முகம் மஞ்சள் அதிகம். 'எல்.இ.டி. மோசம்' என்ற இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். சனி, மாலை நான்கு. கண்ணின் வெள்ளையில்கூட மஞ்சள்.

டாக்டரின் பேனா நின்றது. "ரெண்டு நாளு முன்னே கண்டிருக்கீங்க. மணி வரைக்கும் எழுதி வச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"பின்னே?"

கேட்டவர் கோபப்பட்டிருந்தால்கூடச் சுவக்கீன் தாங்கியிருப்பார். டாக்டர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

ஒன்பது நாள். நான்காம் நாள்வரை, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிய தாள் மட்டுமே செய்தி. ஐந்தாம் நாள் அளவு ஏறியது. ஆறாம் நாள் கஞ்சி கேட்டாள். சுவக்கீன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் "என்னய்யா முறைக்கிறே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

வீடு திரும்பிய மறுநாள் இன்பமேரி சொன்னாள்: "அந்தச் செம்பு டார்ச்ச டிஸ்பென்சரி சிஸ்டருக்குக் குடுத்துருங்க."

"அதையா?"

"பின்ன, ஓட்டைய ஒடசலயா குடுப்பீங்க? லயத்துல எல்லா வீட்டுலயும் நம்ம வீட்டு பல்புதான் எரியுது. அந்த நீல வெளிச்சத்துல மஞ்சள் எங்க தெரியும்?"

அன்று சாயங்காலமே டார்ச்சைத் திறந்தார். கண்ணைக் கூசவைக்கும் வெளிச்ச அளவுகளையெல்லாம் நீக்கி, மிதமான ஒற்றை வெளிச்சம் மட்டும் வரும்படி மாற்றினார். மூடியின் திருகு இழையில் கிரீஸ் தடவினார். கண்ணாடியைத் துடைத்தார். கழுத்தில் மாட்ட ஒரு கயிறும் கட்டினார்.

டிஸ்பென்சரியில் நர்ஸ் செபமாலையம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விசாரித்தார். "பாட்டரி தீந்தா?"

"நான் வந்து மாத்தித் தாரேன் சிஸ்டர். நேரா அடிக்க வேண்டாம். பக்கவாட்டுலேருந்து அடிச்சு, இமையக் கீழ இழுத்துப் பாக்கணும்."

"எங்க, ஒரு தடவ காட்டுங்க."

இன்பமேரி ஸ்டூலில் உட்கார்ந்து, தானே இமையை இழுத்துக் காட்டினாள். சுவக்கீன் டார்ச்சைத் தூக்கினார். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்த வரவில்லை. செபமாலையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குடுங்க இங்க" என்று இன்பமேரி அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, டார்ச்சை வாங்கி நர்ஸின் கையில் வைத்தாள்.