பந்தல் போடாத ஆடி வெள்ளி

கோலா சாவாவில், செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள மாரியம்மன் கோவில் வாசலில் நிற்கிறேன். சிரம்பானிலிருந்து ஏற்றிவந்த டாக்சி திரும்பிப் போய்விட்டது. ஆடி வெள்ளி, ஆனால் பந்தல் இல்லை, மேளம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. கவிழ்த்துவைத்த சோற்று அண்டாவின்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருக்கிறது.

மனைவி இறந்தபின் வந்த முதல் ஆண்டு இது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பஞ்சாங்கத்தைப் பார்த்து ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை, மாசி மகத்துக்கு மலாக்கா, சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான். கூட்டத்தில் நிற்கும்போது நான் தனியாள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வருகிறார்.

"திருவிழாவுக்கா வந்தீங்க அண்ணே? இங்க இப்ப ஆடியில செய்யறது இல்லலா. தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் கே.எல்., சிங்கப்பூர்ல வேலை. ஸ்கூல் லீவு உட்டாத்தான் குடும்பத்தோட வருவாங்க. அப்பத்தான் ஆத்தாவுக்குத் திருவிழா."

இதை எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள்? இந்த அம்மனும் பிள்ளைகளின் லீவுக்காகத்தான் காத்திருக்கிறாள்.

அந்தப் பெண் உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து என் கையில் போடுகிறார்.

"லீவுக்கு கண்டிப்பா வாங்கண்ணே. சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு சொல்லணும். ஒங்க வீட்ல எத்தன பேரு?"

யோசிப்பதற்குள் பதில் வாயில் வந்துவிடுகிறது.

"ரெண்டு பேரும்மா."