கோமணத்துக்கும் ஆகாத துணி

பேண்டேஜ் தறி ஓட்டுகிறவன் ஊரார் புண்ணை நம்பிப் பிழைக்கிறவன். முப்பது வருசமாக ராஜபாளையத்தில் எனக்கு அந்தப் பிழைப்புத்தான். என்னைப் போல நாலாப்போடு நின்றுவிட்டு, பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு தறிக்கு நடுவில் நிற்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று

என் மகள் செல்வியைப் பெண் பார்க்கக் கூமாப்பட்டியில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தென்னந்தோப்பு உள்ளவர். என்ன துணி நெய்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாக ஒரு முழம் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். துணிக்கு அந்தப் பக்கம் என் முகம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

“இதுல ஒரு கோமணங்கூடக் கட்ட முடியாது போலயே, அண்ணாச்சி!”

மாரியப்பன் விரல்

கல்யாணம் நடந்தது. அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

தறிக்கூடத்தில் துண்டுத் துணி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, உங்களுக்கே தெரியும். எண்ணெய் துடைக்க அதுதான், டீ வடிகட்டவும் அதுதான். பக்கத்துத் தறி மாரியப்பனுக்கு விரல் கிழிந்தபோது அதையே சுற்றிக்கொண்டான். டாக்டரிடம் போகச் சொன்னேன். போகவில்லை. விரல் ஆறியும் போனது. அதுதான் வினை.

“டாக்டரு மட்டும் என்னத்தண்ணே வைக்கப் போறாரு? நம்ம துணியத்தான வைப்பாரு!”

நனைந்த கட்டு

செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கட்டு நனைந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே வாங்க, நீங்களாக எதையும் வைக்காதீங்க என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் குளிக்கும்போது கட்டு நனைந்துவிட்டது. பேத்தியைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும் என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அந்தக் கோமணம் என் காதிலேயே நின்றது. தறியில் இருந்து நல்ல பக்கமாக வெட்டி வந்து, என் மனைவியிடம் கொடுத்து, சம்பந்தியம்மாள் பார்க்கும்படியாகவே கட்டச் சொன்னேன்.

“துணியப் பத்தி நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி, எனக்கு என்ன தெரியும்?”

காடாத் துணி

நாலே நாளில் காய்ச்சல் கொதித்தது. கட்டை அவிழ்த்தால் நாற்றம். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா அந்தத் துணியை இடுக்கியால் தூக்கி, எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார். சொன்னேன்.

வெள்ளையாகத் தெரியத்தான் வெளுக்க அனுப்புகிறார்கள் என்று முப்பது வருசமாக நினைத்திருந்தேன். கஞ்சியும் எண்ணெயும் போக அலசி, வெளுத்து, பையில் போட்டு ஒட்டி, கிருமி சாக ஆவியில் வேகவைத்தால்தான் அது கட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்விக்குத் தையலைப் பிரித்துவிட்டார்கள்.

“தறியில இருந்து எறங்குனா அது வெறும் காடாத் துணிய்யா. தரையத் தொடைக்கலாம், வயித்துல வைக்கலாமா?”

மேஸ்திரி

எங்கள் மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும். வெளுக்கிற இடத்துக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவனே அவன்தான். ஒரு நாளாவது சொன்னியாலே என்று சட்டையைப் பிடித்தேன்.

“நீங்க கேக்கலையே அண்ணாச்சி.”

இதையும் நான் மறக்கப் போவதில்லை.

வார்டு

புண் திறந்தே கிடக்கிறது. தினமும் கழுவி, உள்ளே துணி வைத்து அடைக்கிறார்கள். அவள் கத்துவது வராந்தா வரைக்கும் கேட்கும். காய்ச்சல் முழுக்க இறங்கவில்லை. டாக்டர் பார்க்கலாம் என்கிறார். பேத்தி சம்பந்தியம்மாள் மடியில் பால்புட்டியோடு கிடக்கிறாள். அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு நானும் பழையதை எடுப்பேன், அதற்கும் வழியில்லை.

நேற்று கட்டில் பக்கம் போனேன். செல்வி என் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்தாள்.

“அங்கனயே நில்லுங்கப்பா. கிட்ட வராதீங்க.”

நான் நெய்த துணி வெளுத்து, வெந்து, பைக்குள் ஏறி என் மகள் வயிற்றுக்குள் வரைக்கும் போகிறது, நெய்த எனக்குத்தான் கட்டில் வரைக்கும் போக வழியில்லை.