துபாயிலிருந்து எவ்வளவு நேரம்

மாரிகுப்பம் ரயிலடிக்கு எதிரே ஒரு சாவு வீடு. என் பையில் தொங்கும் ஏர்போர்ட் சீட்டைப் பார்த்து ஒரு பெண் ஓடி வருகிறாள்.

"அண்ணா, துபாய்ல எங்கண்ணன் பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு. வர மூணு நாள் ஆவும். அதுவரைக்கும் அப்பாவ எடுக்க வுடமாட்டேங்குது எங்கம்மா. துபாய்லருந்து வரவே அத்தினி நாள் ஆவும்னு வெளியாளு நீங்க சொன்னா நம்பும்."

உள்ளே ஐஸ் பாளம் உருகித் தரையெல்லாம் ஈரம். தலைமாட்டில் இருக்கும் அவள் அம்மா என்னிடம் கேட்கிறாள்.

"துபாய்லருந்து பெங்களூருக்கு எத்தினி மணி நேரம் தம்பி?"

பொய் சொல்ல வரவில்லை. "நாலு மணி நேரம்மா. ஆனா பாஸ்போர்ட் கைக்கு வரணுமே."

"கூப்டா நாலே மணி நேரத்துல வந்துருவேன்னுதான் சொல்லிட்டுப் போச்சு எம்புள்ள."

அவள் கணவரின் ஈர நெற்றியை முந்தானையால் துடைக்கிறாள்.

"தூக்குங்க" என்கிறாள்.