பாம்பன் பாலத்தில் ஒரு பேட்டரி சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி இன்று காலை பாம்பன் பாலத்தில், எதிர்க்காற்றில், சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வந்திருக்கும் பேட்டரி சைக்கிளில் ஒருவர் சத்தமில்லாமல் என்னை முந்திப் போனார். பாலத்தின் நடுவில் அவர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டேன்.

“மிதிக்காம போனா அது சைக்கிளாண்ணே?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“மீன்பிடி வல்லம் வச்சிருந்த எங்க அய்யாவும் இப்படித்தான் தம்பி. ‘இஞ்சின் வச்சு ஓடுனா அது வல்லமாலே’ன்னு கேப்பாரு. கடைசி வரைக்கும் பாய் விரிச்சுத்தான் கடலுக்குப் போனாரு. ஒருநா காத்து மாறிருச்சு. இஞ்சின் வல்லம் எல்லாம் கரைக்கு வந்துருச்சு. அவரு வரல.”

கடலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளியது. பாதிப் பாலம் மிதிக்கவே இல்லை.

அது சைக்கிளா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.