பால்வாடியில் பால்

வைதேஹி தில்லி கிட்வாய் நகரில் ஓர் அறைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா; வயது நாற்பத்திரண்டு; கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கு ஊரிலிருந்து கடிதம் எழுதக்கூட ஆள் இல்லை. எங்கள் மாதர் சங்கத்தில் யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும். அப்படித் தலையில் கட்டிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

1974-இல், காலனிக்குப் பின்னால் கட்டட வேலைக்கு வந்திருந்த சேலத்துக்காரர்களின் குழந்தைகளுக்குச் சங்கம் ஒரு பள்ளி தொடங்கியது. தில்லி வழக்கப்படி அதற்குப் பெயர் பால்வாடி. ஹிந்தியில் 'பால்' என்றால் குழந்தை. "நாளைலேர்ந்து பால்வாடி, குழந்தைகளை அனுப்புங்கோ" என்று வைதேஹி குடிசை குடிசையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் இருபத்திரண்டு குழந்தைகள் வந்தன, ஆளுக்கு ஒரு டம்ளரோடு.

"எப்ப டீச்சர் பாலு ஊத்துவீங்க?" என்று ஒரு பெண் கேட்டதாம். அர்த்தம் சொல்லி அனுப்ப இவளுக்கு மனசு வரவில்லை. பால் பூத்துக்கு ஓடினாள். எங்கள் பூத்தில் அப்போது அட்டைக்குத்தான் பால். வீட்டில் எத்தனை பேரோ அதற்குத் தகுந்த பாட்டில். அன்றைக்குக் கெஞ்சி வாங்கினாள். பிறகு சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்து வழக்கமாக்கிக்கொண்டாள். தினமும் விடியற்காலையில் காய்ச்சித் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் ஆபீஸ். குழந்தைகள் பாதி வழிக்கே வந்து நிற்கும். அந்த ஒன்றரை வருஷம் அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம், நன்கொடை தரும் டிரஸ்ட் ஒன்று, வருகிற ஆண்டுக்கு மூன்றே மூன்று முக்கியப் பணிகளை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது. தலைவி விசாலாக்ஷி மாமி படிப்பு, தடுப்பூசி, தாய்மார்களுக்குத் தையல் என்று எழுதினாள்.

"பாலையும் சேத்துக்கோங்கோ மாமி" என்றாள் வைதேஹி.

"பால்வாடின்னா பால் இல்லைடி." எல்லோரும் சிரித்தோம்.

"நமக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியலையே. பாலுக்காகத்தானே வரதுகள்."

"நீ ஒருத்தி ஓடறதைத் திட்டம்னு எழுத முடியுமா? உனக்குக் குடும்பமா குட்டியா, போறே. உனக்கப்புறம் யாரு போவா?"

மாமி கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் கூடுதலாக வலித்திருக்கும். வேறு யாரும் போகமாட்டோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாலா தையலா என்று கை தூக்கச் சொன்னார்கள். தையலுக்கு நானும் தூக்கினேன். வரப்போகிற மிஷின் மேல் எனக்கு ஒரு கண்.

பட்டியலில் இல்லாத வேலைக்குச் சங்கம் கடிதம் தராது. அடுத்த மாதம் முதல் தேதி, பூத் வரிசையில் வைதேஹி எனக்கு முன்னால் நின்றாள். கையில் அதே பெரிய தூக்கு. சங்கக் கடிதம் இல்லை என்றதும் பூத்காரர் புது அட்டை ஒன்றை எடுத்தார். "பெஹன்ஜி, வீட்டில் எத்தனை பேர்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள். ஆறு பேர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏக்" என்றாள்.

அந்த ஒருத்திக்கு என்று அவர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். அதை வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், குடிசைகள் இருந்த பக்கம் நடந்தாள்.