சம்பந்தி வீட்டு டிராக்டர்

மாடு வாங்குவதென்றால் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கலாம். நாலு தடவை நடக்கவிட்டுப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம். சந்தையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் டிராக்டர் வாங்கப் போனவன் பாடு அப்படியில்லை. எட்டு மாதம் அந்த அவதியைப் பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பொங்கலூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா காலமாகியிருந்தார், தோட்டமும் தங்கையின் கல்யாணமும் என் தலையில். கல்யாணத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். தோட்டம்தான் உயிரை எடுத்தது. ஏர் பிடிக்க ஆளில்லை. இருந்த இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். வெயிலில்லாத வேலை, சனிக்கிழமையானால் கூலி, யார்தான் போக மாட்டார்கள்? அவர்கள் போனது சரிதான் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கலப்பையைப் பிடித்து இரண்டு சால் ஓட்டியதும் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். புது டிராக்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருசக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். பழசு ஏதாவது அகப்படுமா என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் வினையாகிப் போனது.

தங்கையைப் பெருமாநல்லூரில் கொடுத்திருந்தோம். அவளுடைய மாமனார் ஒரு டிராக்டர் வைத்திருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. பெயர் வாயில் நுழையாது. அவரே அதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். எங்கள் பக்கத்தில் ஓடியதெல்லாம் இரண்டே கம்பெனி வண்டிகள். மூன்றாவதாக ஒன்று உண்டென்பதே அந்த வண்டியைப் பார்த்துத்தான் தெரியும். விற்ற கடைக்காரன் கோயமுத்தூரில் கடையை மூடிவிட்டுப் போயிருந்தான். மாமனாருக்கோ பனியன் ஆசை வந்துவிட்டது. மாட்டுச்சாளையை இடித்து, நிட்டிங் மெசின் போட ஷெட் கட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒருநாள் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் அவர் சொன்னார்:

"ஏனுங்க மாப்பிள்ள, நமக்கினி உழவு ஏதுங்க? வண்டி சும்மாதான் நிக்குது. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க."

அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும்: ஏன் சும்மா நிற்கிறது, கடைசியாக எப்போது ஓடியது, சாமானுக்கு எங்கே போவீர்கள் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல வண்டிங்க மாமா, பார்க்கலாங்க" என்றேன். எங்கள் ஊரில் 'பார்க்கலாங்க' என்றால் சரி என்றும் அர்த்தம், மாட்டேன் என்றும் அர்த்தம். கேட்டவருக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக்கொள்வார்.

அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது போனேன். போகும்போதெல்லாம் இன்று ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன். போய் இறங்கினால் கை கழுவத் தண்ணீர், பந்திப்பாய், கோழிக்குழம்பு. வயிறு முட்டச் சோறு போட்டவரிடம் உங்கள் வண்டி ஓடுமா என்று எந்த வாயால் கேட்பது? பெண் கொடுத்தவன் அப்படிக் கேட்டால் உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொன்னதாகிவிடும். தங்கை பரிமாறிவிட்டு சமையலறை நிலைப்படி அருகே நின்றுகொண்டு என்னையே பார்ப்பாள். பசிக்கிறதா, இன்னும் வேண்டுமா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாங்களேன். இதுக்கு எத்தன தடவ பஸ் ஏறுவீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்ன, அந்த வீட்டில் வாழ்வது என் தங்கை என்று சத்தம் போட்டேன். அவள் எழுந்து போனாள். சரியாகச் சொன்னவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். நிட்டிங் மெசினும் பார்ப்பார், ஆயில் என்ஜினும் பார்ப்பார். உங்கள் ஷெட்டுக்கு யோசனை சொல்ல ஆள் கூட்டிவந்திருக்கிறேன் என்று மாமாவிடம் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற போக்கில் டிராக்டரை ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லியிருந்தேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனிதரை ஷெட்டுக்குள் அழைத்துப்போய், மெசின் எங்கே வைப்பது, கரண்டு எங்கே இழுப்பது என்று இரண்டு மணி நேரம் விடவேயில்லை. வெளியே நின்று எனக்குக் காலே மரத்துப்போனது. பாய் டிராக்டரைப் பார்த்தது, கை கழுவப் போன ஐந்து நிமிசம்தான்.

அந்த ஐந்து நிமிசமே போதும் என்றார் திரும்பும்போது. மேலே புதுப் பெயின்ட், அடியிலெல்லாம் எண்ணெய்க் கசிவு. கலப்பையைத் தூக்கும் கையைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஊர்ல ஓடுற வண்டின்னா ஒரு சாமான் போச்சுன்னா இன்னொண்ணு வாங்கலாம், இல்லாட்டி பார்த்து லேத்துல அடிக்கலாம். இதுக்கு எதைப் பார்த்து அடிக்கிறது? வேண்டாண்ணா" என்றார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆடி நோம்பி வந்துவிட்டது. கல்யாணமாகி முதல் ஆடி. தங்கையையும் மாப்பிள்ளையையும் அழைக்கப் போனேன். தங்கை அப்போது முழுகாமல் இருந்தாள். "அனுப்பறோங்க, இப்ப வேண்டாங்க, உடம்பு செரியாகட்டுங்க" என்றார் மாமா. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஆனாலும் வண்டிக்குப் பதில் சொல்லாததால்தான் பெண்ணை நிறுத்தி வைக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் விதைத்துவிட்டார்கள். நான் பாதிக் காட்டை மாட்டை வைத்து உழுதுவிட்டு மீதியை அப்படியே போட்டேன்.

கார்த்திகையில் கட்டுச்சோறு. ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது. அன்றைக்கும் அனுப்பவில்லையென்றால் என்ன செய்வது? தூக்கமே வரவில்லை. ஓடாத வண்டி என்று தெரிந்தும், பாய் அத்தனை தெளிவாகச் சொல்லியும், கட்டுச்சோற்றுக்கு ஒரு வாரம் முன்பு போய், "வண்டிய நானே எடுத்துக்கறனுங்க மாமா" என்றேன்.

"அட, அப்படீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க" என்றார். முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம்கூடத் தெரிந்தது. கட்டுச்சோறன்றே வண்டியையும் ஓட்டிப் போகலாம், நல்ல நாள் என்று அவரே ஏற்பாடு செய்தார்.

அன்று காலை அந்த வண்டியை எழுப்ப நாலு பேர் தேவைப்பட்டார்கள். தள்ளித் தள்ளி, புகையாய்க் கக்கி, எப்படியோ கிளம்பியது. அவர்கள் வீட்டு ஆள் ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். விருந்து முடிந்து, தங்கையை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் புறப்பட்டோம். என் மனைவி முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் நானும் தங்கையும். பெண்ணை அனுப்பிவிட்டார்கள் என்ற நிம்மதியில் எனக்குத் தூக்கம்கூட வந்தது.

திருப்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. ஓட்டிவந்தவன் புளியமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காரை நிறுத்தச் சொன்னேன். தங்கை கண்ணாடி வழியாக வண்டியைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்காகத்தானண்ணா வாங்குன?" என்றாள்.

பின்னே, உன்னை ஆடிக்கே அனுப்பவில்லையே என்றேன்.

"எனக்கு வாந்தி நிக்கவே இல்ல. பஸ்ல போவேண்டாம்னு அத்தைதான் சொன்னாங்க. நீ இந்த வண்டிய வாங்கறதப் பத்தி மாமா ஊட்டுல பேசினதே இல்ல. இரும்புக் கடைக்காரனுக்குப் போடறதா இருந்தாரு."

முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி திரும்பவில்லை.

"நா அந்த ஊட்டுலதான இருக்கறேன்? தெனமும் அதத் தாண்டித்தான் தண்ணிக்குப் போறேன். ஒருக்காகூட ஓடினதில்ல. நீ வரும்போதெல்லாம் நெலப்படில நின்னு உன்னையேதான் பாத்துட்டிருந்தேன், இன்னைக்காவது என்கிட்ட ஒரு வார்த்தை கேப்பயான்னு. ஊரெல்லாம் கேட்டயாமா. என்னைக் கேட்டயா?"

கேட்கவில்லை. எட்டு மாதம். ஃபிட்டரைக் கேட்டேன், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாதவரைக்கூடக் கேட்டேன்.

"நேத்து ராத்திரி அத்தை சொன்னாங்க, உங்கண்ணன் உனக்காக எதுன்னாலும் வேண்டாம்னு சொல்லமாட்டாரு போலயேன்னு. ஷெட்டுக்கு இன்னொரு மெசின் வேணும்னா உங்கண்ணனையே கேக்கலாம்னு சொல்லிச் சிரிச்சாங்க. சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. ஆனா இதுக்கு முன்னால அந்த ஊட்டுல யாருக்கும் அப்படி ஒரு நெனப்பே இல்லண்ணா."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். டிரைவர் போகலாமா என்று கேட்டார். போங்க என்றேன்.