ஒரு நாள் முந்தி வந்த தாம்பூலம்

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வருவது அந்தக் காலத்தில் வெளிதேசம் போவதுதான். ராஜா வேறு, காசு வேறு, தபால்கூட வேறு. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த சீமைக்குள் கால் வைக்கலாம். ஊரில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அவன் மலையாளத்துல இருக்கான்" என்று என் அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கேட்டவர்களும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். மலையாளத்துக்குப் போன ஆண்பிள்ளையை மை வைத்து மயக்கிவிடுவார்கள், அவன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பியே வரமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நானோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னை மயக்க ஒருவரும் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பின்னக் கணக்கைத் திருத்தித் திருத்தி எனக்குத் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம்.

ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழைத் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். எதற்கும் பதறமாட்டார். வீடு பற்றி எரிந்தாலும் "சாரமில்லை", அதாவது பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடக்கூடியவர். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். எங்கள் இருவருக்கும் நடுவில் அக்காள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எனக்கு இரண்டு இடங்களில் பெண் பேசி, இரண்டும் மலையாளம் என்ற ஒரே காரணத்தால் கலைந்துபோயின. மூன்றாவதாக வந்தது திருநெல்வேலி டவுன் சம்பந்தம். அந்தப் பெண்ணை நான் ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவள், என் தம்ளர் நிரம்பி வழிந்ததும் பதறாமல் வாழை இலையைச் சற்று மடித்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவ்வளவுதான் பார்த்தேன். அவ்வளவு போதுமாக இருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி எந்த இடமும் வேண்டாம் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன்.

பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பனாரின் அக்காள், அதாவது பெண்ணின் அத்தை, வளர்த்தார். முறைப்படி எனக்குப் பெரியம்மா. விதவையாகத் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அவருக்குக் கல்யாண வயசில் ஒரு மகன் இருந்தான். சிக்கல் அங்கேதான். அத்தை மகன் என்றால் முறை மாப்பிள்ளை. வெளியில் பெண் கொடுப்பதானால், தாம்பூலம் மாற்றும் சபையில் முதல் வெற்றிலையை முறைக்காரர் வீட்டுப் பெரியவருக்கு, இங்கே பெரியம்மாவுக்கு, நீட்டுவார்கள். அவர் சம்மதம் சொல்லி எடுத்துக்கொண்டால்தான் மேலே காரியம். எடுக்காவிட்டால் வந்தவர்கள் வந்த வழியே போகவேண்டியதுதான்.

பெண்ணின் தகப்பனார் ஒரு நிபந்தனை போட்டார். பெண் வாழப்போகிற ஊரையும் வீட்டையும் கண்ணால் பார்க்காமல் தாம்பூலம் மாற்றமாட்டாராம். அதனால் நிச்சயம் திருவனந்தபுரத்திலேயே என்று முடிவாயிற்று. அத்தை மகன் இருக்கிற வீட்டில் பெண்ணைத் தனியாக விட்டுவர முடியாதென்று பத்மநாபசுவாமி தரிசனம் என்ற பெயரில் அவளையும் அழைத்துவர ஏற்பாடு. நாள் குறித்து எழுதும் பொறுப்பை அத்தான் ஏற்றார். சிங்ஙம் ஏழாம் தேதி முகூர்த்தம். சிங்ஙம் என்றால் நெல்லைக்காரர்களுக்குப் புரியாது என்று நல்ல மனசோடு அதை ஆவணி என்று மாற்றியவர், தேதியை அப்படியே விட்டார். கிழமையும் போடவில்லை.

மலையாள மாசமும் தமிழ் மாசமும் அநேகமாக ஒன்றாகத்தான் பிறக்கும். ஆனால் சூரியன் ராசி மாறுவது மத்தியானத்துக்கு மேலே விழுந்துவிட்டால் நமக்கு மாசம் அன்றைக்கே பிறந்துவிடும், அவர்களுக்கு மறுநாள். அந்த வருஷம் அப்படி விழுந்திருந்தது. அத்தானின் ஏழு, நெல்லையில் எட்டு. நெல்லைக்காரர்களின் ஏழோ அதற்கு ஒரு நாள் முந்தி. அங்கே பெண் வீட்டு ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மறுநாள் இதைவிட நல்ல நாளாயிற்றே என்று கேட்டாராம். மலையாளத்து ஜோசியம் வேறு மாதிரி என்று சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறார்கள்.

ஆக, நான் பள்ளிக்கூடத்தில் வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வண்டிக்காரன் ஒருவன் வந்து, உங்கள் வீட்டு வாசலில் நெல்லைக்காரர்கள் நிற்கிறார்கள் என்றான். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. அக்காளும் அத்தானும் மறுநாள் நிச்சயத்துக்கு உறவுக்காரர்களை அழைக்கப் போயிருந்தார்கள். தூறலில் வில்வண்டி நிற்கிறது. வண்டிக்குள்ளே பூ, பழம், வெற்றிலை நிறைந்த தட்டுகள். தகப்பனார் குடை பிடித்து நிற்க, பெரியம்மா பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வண்டிக்குள்ளிருந்து இறங்கவே இல்லை.

"தம்பி, நெறைதட்டைக் கொண்டாந்து பூட்டுன வாசல்ல நிப்பாட்டியாச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? வண்டியைத் திருப்பச் சொல்லு" என்றார் பெரியம்மா, தன் தம்பியிடம். என்னைப் பார்த்து அல்ல.

அதற்குள் அத்தான் அக்காளோடு வந்து சேர்ந்தார். விஷயம் விளங்கியதும், "சாரமில்லை அண்ணாச்சி. முகூர்த்தம் நாளெ தானே. இன்னிக்கு ஊரு கண்டுட்டு வரட்டும்" என்றார். தகப்பனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தானின் பல் கொட்டிவிடாது. எனக்கு வந்த ஆத்திரத்தை அக்காளின் பார்வை ஒன்றுதான் அடக்கியது. அவள் பெரியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள், அவர்கள் வரவில்லை. தாம்பூலம் மாற்றும் முன் பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சத்திரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். சாயங்கால பஸ்ஸில் திரும்புவதா, இருப்பதா என்று தகப்பனார் யோசனையில் இருந்தார். வந்தது வந்தாயிற்று, பத்மநாபனைச் சேவித்துவிட்டாவது போகலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சாமி பெயரைச் சொன்னதால் பெரியம்மாவால் மறுக்க முடியவில்லை.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, போகும்போது தெரிந்தது. எல்லைச் சவுக்கையில் அவருடைய புகையிலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். ஒரு மாசத்துக்குப் போதுமானதை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தால் யார்தான் விடுவார்கள்? நான் சாலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி யாழ்ப்பாணப் புகையிலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, காரம் காணாது என்றார். ஆனாலும் முழுவதையும் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டார்.

கோயிலில் பெருமாள் பள்ளிகொண்ட கோலம் மூன்று வாசல் வழியாகத்தான் தெரியும். முதல் வாசலில் திருமுகம், நடுவாசலில் நாபிக்கமலம், கடைசியில் திருவடி. திருவடியைக் கண்டதும் பெரியம்மா உருகிப்போய் அப்படியே கீழே விழுந்து கும்பிடக் குனிந்தார். நின்றதோ ஒற்றைக்கல் மண்டபம். அந்தக் கல்லில் ராஜா ஒருவர்தான் விழுந்து கும்பிடலாம். வேறு யார் விழுந்தாலும் அவர்களும் அவர்கள் சொத்தும் பத்மநாபனுக்குச் சொந்தம் என்பது ஊர் வழக்கம். ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு, "பெரியம்மா, விழாதீங்க" என்று கத்திவிட்டேன். காவல்காரனும் கத்தினான். சாமி கும்பிடக்கூட விடாத ஊர் என்று அவர் கணக்கில் இன்னொன்று ஏறியது.

சத்திரத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்சி பங்களாவுக்குப் போனோம். மியூசியத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மரச் சிற்பங்களையும் வாகனங்களையும் நான் விளக்கிக்கொண்டே போனேன். தகப்பனார் தலையாட்டினாரே தவிர அடிக்கடி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணித்துக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ் அவர் மனசை விட்டுப் போகவில்லை என்பது தெரிந்தது. பெண் எங்களுக்குப் பத்தடி பின்னால் அத்தையோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் பெரியம்மாவின் முகம்தான் முதலில் தெரியும்.

அடுத்து மிருகசாலை. புலியைப் பார்த்துப் பெரியம்மா, சோறு போடுகிறார்களா இல்லையா, இப்படி இளைத்துக் கிடக்கிறதே என்று அங்கலாய்த்தார். சரி, கொஞ்சம் இளகுகிறார் என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது. குரங்குக் கூண்டருகே நின்று புகையிலை போடச் சுருக்குப்பையை அவிழ்த்தார். அவ்வளவுதான். கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. பை கூண்டுக்குள்ளே போய்விட்டது.

காலையிலிருந்து விழுங்கி வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எனக்குப் பொங்கிவிட்டது. பூட்டு, அத்தானின் சாரமில்லை, சவுக்கை, ஒற்றைக்கல், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் குரங்குதான் கிடைத்தது. கோபம் வந்தால் எனக்கு நாக்கில் பள்ளிக்கூட மலையாளம்தான் வரும். கோட்டும் தலைப்பாகையுமாகக் கூண்டின் முன்னால் நின்று விரலை ஆட்டினேன். "எடா கள்ளா, இங்ஙோட்டு தாடா. இல்லெங்கில் நாளெ அச்சனெ விளிச்சுக்கொண்டு வா. என்னிட்டு கிளாஸில் கேறியால் மதி." திருட்டுப் பயலே, அதைக் கொடுத்துவிடு, இல்லையென்றால் நாளைக்கு உன் அப்பனைக் கூட்டிக்கொண்டு வந்துதான் வகுப்புக்குள் நுழையவேண்டும் என்று ஒரு குரங்கிடம் சொன்னேன். அது புகையிலையைக் கடித்துப் பார்த்துத் தும்மிவிட்டுப் பையை என் மேலேயே வீசியது.

பையை எடுத்துத் திரும்பியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. தகப்பனார் வாயைத் திறந்தபடி நின்றார். பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். பயந்து அழுகிறாள் என்றே நினைத்தேன். மலையாளத்தில் மயங்கிக் கெட்டுப்போனவனோ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பெரியம்மா பையை வாங்கி முடிச்சை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சங்குமுகத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். பஸ் நேரம் தாண்டிவிட்டது. சத்திரத்து வாசலில் இறங்கும்போது தகப்பனார், "காலையில பாத்துக்கிடுவோம் தம்பி" என்றார். அதற்கு என்ன அர்த்தமும் கொள்ளலாம். வீட்டுக்கு வந்து அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். குரங்கோடு சண்டை போட்டாயா என்று ஒரு தரம் கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் வண்டி வந்தது. தட்டுகளோடுதான் வந்தார்கள். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி பெரியம்மாவின் கையில் இருந்தது. அழைத்த உறவுக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, முறைப்படி முதலில் தன் அக்காளுக்கு நீட்டினார். உள்ளே வாசற்படிக்கு அப்பால் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா தட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சபையில கேக்கணும்னு முறை இருக்கு. அதனால சபையிலயே சொல்லுதேன்" என்று தொடங்கினார். நேராக என்னைப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை.

"நேத்து மிருகசாலையில இவுக கோவிச்சுக்கிட்டு நின்னாக. இந்தப் பிள்ளை முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. சத்திரத்துக்கு வந்து படுக்கப்போற வரைக்கும் சிரிச்சா. எம் மகன் கோவிச்சா இவ அடுப்படிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடுவா. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அவனைப் பெத்தவளுக்குத் தெரியாதா?"

பெரியம்மா இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எனக்குச் சம்மதம்" என்றார்.

அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டு, அதே மகன் இருக்கிற வீட்டுக்குத்தான் அவர் திரும்பிப் போகவேண்டியிருந்தது. அதெல்லாம் எனக்கு உறைக்க வெகுநாளாயிற்று. அந்த நேரத்தில் பெண் எனக்குத்தான் என்பது ஒன்றே தெரிந்தது. அக்காள் குலவை போட, யாரோ என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.